சிறு பொருளில் தனிச் செலவு

'செலவு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் கைப்பொருள் கரைவதே நம் நினைவுக்கு வருகிறது. பண்டைத் தமிழிலோ அது வழிச்செல்லுதலை, அதாவது பயணத்தைக் குறித்து வழங்கிற்று. வழிச் செல்வோர்க்குப் பொருள் குறைதல் இயல்பாதலின், இவ்விரு கருத்தையும் ஒரே சொல் தாங்கி நிற்பது பொருத்தமே. குறைந்த பொருளுடன், துணை ஒருவரும் இன்றி, முதுகில் ஒரு பையைச் சுமந்து அயல்நாடு காணப் புறப்படும் பழக்கம் இந்நாளில் நம் இளைஞரிடையே பரவி வருகிறது. அதனால் விளையும் நன்மை யாது, அதில் நேரும் இடர் யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

தமிழகத்தை விட்டு மும்பையிலும், தில்லியிலும், கொல்கத்தாவிலும், பிற நகரங்களிலும் குடியேறி வாழும் நமக்கு இப்பொருள் முற்றிலும் புதிதன்று. பெட்டியும் படுக்கையுமாகத் தாதர் நிலையத்திலோ ஹௌரா நிலையத்திலோ வந்திறங்கிய முதல் நாளில், கேட்கும் மொழி விளங்காமலும், வண்டிக்காரர் கேட்கும் கூலி நியாயமா என்று தெரியாமலும் திகைத்து நின்றவர் நம்மிலும் நம் பெற்றோரிலும் பலர். ஆனால், பிழைப்புக்காகப் போனவருக்கு அங்கே ஒரு வேலையோ, உறவினர் வீடோ, ஊர்க்காரர் நடத்தும் மெஸ்ஸோ காத்திருந்தது. தனிப் பயணிக்கு அவ்வாறு காத்திருப்பது எதுவும் இல்லை. இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே அவர் பெறும் இன்பமும் படும் துன்பமும் பிறக்கின்றன.

முன்னோர் சென்ற வழி

இவ்வழக்கத்தை மேனாட்டார் நமக்குக் கற்பித்தனர் என்று சிலர் கருதுவர். அது முழு உண்மையன்று. 1923-ஆம் ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த பார்ஸி இளைஞர் சிலர் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர்; அவருள் மூவர் 1928-இல் வெற்றியுடன் திரும்பினர். வங்காளத்து ராம்நாத் பிஸ்வாஸ் 1931-இல் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளில் தம் முதற் பயணத்தைத் தொடங்கினார். நம் தமிழ்நாட்டு ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்குச் செய்தி திரட்டும் பொருட்டுக் கண்டம் விட்டுக் கண்டம் சென்றார். படம் 1940-இல் வெளிவந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவர் நூற்பெயரே பின்னர் அவர் பட்டப்பெயர் போல் ஆயிற்று.

மேனாட்டில் இப்பழக்கம் பெருகியதற்கு இரண்டு துணைகள் இருந்தன. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர் தொடங்கிய இளைஞர் விடுதி முறை முதலாவது. 1912-இல் ஆல்டெனா என்னும் பழைய கோட்டையில் நிலையான முதல் விடுதி திறக்கப்பெற்றது. ஓர் அறையில் பல கட்டில்கள், பொதுச் சமையற்கட்டு, சிறு கட்டணம் என்ற முறை அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று. இரண்டாவது, 1960-களிலும் 70-களிலும் இஸ்தான்புல் நகரிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் காத்மாண்டுவுக்கும் வந்த தரைவழி. அவ்வழி வந்த டோனி வீலர், மாரீன் வீலர் தம்பதியர் 1973-இல் எழுதிய சிறு வழிகாட்டி நூலே 'லோன்லி பிளானெட்' என்ற பெரும் பதிப்பகமாக வளர்ந்தது. 1979-இல் ஈரானில் புரட்சி எழுந்தது. அவ்வாண்டு இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தில் நுழைந்தது. அத்துடன் அத்தரைவழி அடைபட்டது.

அந்நாளில் மேனாட்டு இளைஞர் நம் நாட்டுக்கு வந்தனரேயன்றி, நம் இளைஞர் அவ்வழியே மேற்கு நோக்கிச் சென்றது அரிது. ஆர்வக் குறைவு அதற்குக் காரணமன்று. நாட்டில் அந்நியச் செலாவணி அருகியிருந்தது. பயணி எடுத்துச் செல்லும் வெளிநாட்டுப் பணத்துக்குக் கடுமையான வரம்பு இருந்தது. 1999-இல் புதிய அந்நியச் செலாவணிச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை பெரிதும் மாறியது. இன்று ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 டாலர் வரை நோட்டுகளாகவே வாங்கலாம். ஆகவே, தடை இப்பொழுது சட்டத்தில் இல்லை. நம் பணப்பையில்தான் இருக்கிறது.

கூட்டலும் கழித்தலும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. தனிப் பயணியின் கணக்கு மூன்று தலைப்புகளில் அடங்கும்: வழிச்செலவு, தங்குசெலவு, உணவுச்செலவு. முதல் இரண்டும் ஒன்றையொன்று தாங்கக் கூடியவை. பாங்காக்கிலிருந்து வடக்கே சியாங்மாய்க்கும், தெற்கே மலேசிய எல்லையாகிய பாடாங் பெசாருக்கும் இரவு ரயில்கள் செல்கின்றன. படுக்கை வசதியுள்ள அவ்வண்டியில் ஏறினால், ஓர் இரவு விடுதிக் கட்டணம் மிஞ்சுகிறது. விடியும்போது வேறோர் ஊர் கண்முன் நிற்கிறது. சென்னைக்கு இரவு வண்டியில் போய் வந்து பழகிய நமக்கு இது எளிதில் கைவரும்.

உணவிலும் சிக்கனம் அரிதன்று. ஊர்மக்கள் உண்ணும் சந்தைக் கடையில் உண்பவர், சுற்றுலாத் தெருவில் உண்பவரைவிடக் குறைவாகவே செலவிடுவர். சைவ உணவினர்க்கு ஓர் எச்சரிக்கை: தாய்லாந்திலும் வியட்நாமிலும் காய்கறிக் குழம்பு என்று தருவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். ஆயினும் வழி உண்டு. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் 'ஜே' என்று எழுதியிருக்கும் கடைகளில் ஊனும் மீனும் சேரா. வெங்காயமும் பூண்டும்கூடத் தவிர்க்கப்படும். வியட்நாமில் அத்தகைய உணவுக்குச் 'சாய்' என்று பெயர். இவ்விரு சொல்லையும் கற்றவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இனி, கழித்தலையும் பார்ப்போம். தனிமைக்கு ஒரு விலை உண்டு. இருவர் பங்கிட்டுக் கொள்ளும் அறை வாடகையை ஒருவரே தர வேண்டும். நால்வர் ஏறும் வண்டிக்கு ஒருவரே கூலி கொடுக்க வேண்டும். பலர் சேர்ந்துறங்கும் கூடத்தில் அடுக்குக் கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டால் முதற் குறை நீங்கும்; ஆனால் நள்ளிரவில் ஒருவர் பெட்டியைத் திறப்பார், மற்றொருவர் விளக்கைப் போடுவார், வேறொருவர் குறட்டை விடுவார். மலிவான விமானச் சீட்டு, பெரும்பாலும் ஏழு கிலோ எடையுள்ள கைப்பைக்கு மட்டுமே இடம் தரும்; அதற்கு மேற்பட்டால் வாங்கும் கட்டணம் சீட்டின் விலையையே எட்டக்கூடும். ஆகவே, சுமை குறைத்தல் இங்கே உடலுக்கும் நலம், பணத்துக்கும் நலம்.

சில இடங்களில் சிக்கனம் செய்யவே கூடாது. கம்போடியாவின் அங்கோர் கோயில்களைக் காண வெளிநாட்டார்க்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர். மூன்று நாள் சீட்டு 62 டாலர். 2017 முதல் உள்ள கட்டணம் இது. மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விரும்பிய மூன்று நாட்களில் பயன்படுத்தலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருமாலுக்கென எழுந்த அங்கோர் வாட்டின் சுற்றுச்சுவரில், பாற்கடல் கடைந்த காட்சியை நீள நெடுகச் செதுக்கியுள்ளனர். அதனை ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்ப்பவர் இருபத்தைந்து டாலரை மிச்சப்படுத்தி, வந்த நோக்கத்தை இழப்பவராவர். ஒரு வேளை வண்டிக் கூலியைக் குறைத்துச் சைக்கிளில் போகலாம். கோயிலுக்குரிய நேரத்தைக் குறைக்கலாகாது.

தனிமை தரும் பேறு

தனியே செல்பவர் பெறும் முதற் பேறு, தம் பொழுதுக்குத் தாமே தலைவராதல். கூட்டமாகச் செல்வோர் ஒருவர் பசிக்கு மற்றொருவர் காத்திருப்பர். ஒருவர் கடைவீதிக்கு இழுக்க, மற்றொருவர் கோயிலுக்கு இழுப்பார். தனிப் பயணி ஓரிடத்தில் மனம் ஒன்றினால் மேலும் இரு நாள் தங்குவார். ஒன்றாவிடில் மறுநாளே புறப்படுவார்.

இரண்டாவது பேறு மனிதர். நால்வராகச் செல்வோரைச் சுற்றி ஒரு வேலி எழும்பிவிடுகிறது. அவர்கள் தம்முள்ளேயே பேசி மகிழ்வர். ஒற்றை ஆளாக உணவுக்கடையில் அமர்ந்திருப்பவரிடமோ அடுத்த இருக்கைக்காரர் பேச்சுக் கொடுப்பார். லாவோஸ் நாட்டில் ஹுவாய் ஸாய் ஊரிலிருந்து மேகாங் ஆற்றின் வழியே லுவாங் பிரபாங் செல்லும் படகு இரண்டு பகல் ஓடுகிறது. நடுவில் பாக்பெங் என்னும் சிற்றூரில் இரவுத் தங்கல். பலநாட்டார் ஒரே பலகையில் இரு நாள் அமர்ந்து, பழமும் பேச்சும் பகிரும் அப்படகு ஒரு சிறு பல்கலைக்கழகம் எனலாம்.

மூன்றாவது பேறு, பெரிய சுற்றுலாக் குழுக்கள் நிற்காத இடத்தில் நிற்க முடிதல். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரிக்கு மூன்றாம் வகுப்பு ரயில் ஒன்று மிகக் குறைந்த கட்டணத்தில் செல்கிறது. 1942, 43 ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் ஒரு பகுதி அது. அவ்வேலையில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ பல்லாயிரவர் மாண்டனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர் அவருள் மிகப் பலர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் வீரனின் பெயரும் வயதும் பொறித்திருக்கும். நம் தோட்டத் தொழிலாளருக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் வரிசை இல்லை. அந்த வண்டியின் சன்னலோரத்தில், அவசரப்படுத்துவார் ஒருவரும் இன்றி அமர்ந்து செல்பவர், நம் வரலாற்றின் ஒரு பக்கத்தைத் தாமே படிக்கிறார். குறைந்த பொருளால் கிடைக்கும் இப்பேற்றை மிகுந்த பொருள் கொடுத்தும் வாங்க இயலாது.

இன்னும் இனியதொரு செய்தி. பாங்காக்கின் ஸீலோம் சாலையில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் உண்டு. அதனுள் வழிபடுவோரில் பெரும்பாலோர் இன்று தாய் மக்களே. சைகோன் என்று வழங்கிய ஹோ சி மின் நகரத்திலும் மாரியம்மன் கோயில் உண்டு. வியட்நாம் மக்கள் அங்கே ஊதுபத்தி ஏற்றி வணங்குகின்றனர். நம்மைப் போலவே வேற்றூரில் குடியேறிய தமிழர் விட்டுச் சென்ற சுவடுகள் இவை.

தனிமை தரும் இடர்

பேறு எங்கிருந்து வந்ததோ, இடரும் அங்கிருந்தே வருகிறது. தம் பொழுதுக்குத் தாமே தலைவர் என்றால், நோயுற்ற பொழுதுக்கும் தாமே மருத்துவத் துணை. காய்ச்சல் கண்டு கிடக்கும் நாளில் கஞ்சி வைத்துத் தர ஒருவரும் இரார். இரண்டு நாளில் காய்ச்சல் தணியாவிடில், டெங்குவாக இருக்கக்கூடும் என்று கருதி மருத்துவரைப் பார்த்தல் வேண்டும். நாயோ குரங்கோ கடித்தால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும்; ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உயிருக்கு உலைவைக்கும். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணியர் ஆறு பேர் இறந்தனர். விலையின்றி ஊற்றிக் கொடுக்கும் மது மலிவன்று.

வாடகை மோட்டார் சைக்கிளும் அவ்வாறே. அந்நாட்டில் செல்லத்தக்க உரிமம் இன்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். வண்டிக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தல் ஒருகாலும் ஆகாது. பழைய கீறலைக் காட்டிப் பணம் கேட்போர் கையில் நம் தலையெழுத்தைக் கொடுத்தது போலாகும். பாங்காக் அரண்மனை வாயிலருகே நன்கு உடுத்த ஒருவர், "இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று கனிவுடன் கூறி, மிகக் குறைந்த கூலிக்கு மூன்று சக்கர வண்டி பேசி ஏற்றிவிடுவார். வண்டி போய் நிற்குமிடம் இரத்தினக்கல் கடை. பல்லாண்டாக நடந்துவரும் தந்திரம் இது. அரண்மனை மூடியதா என்பதை அரண்மனை வாயிலில்தான் கேட்க வேண்டும்.

எல்லையிலும் ஒரு சோதனை உண்டு. தனியே, சிறு பையுடன் வரும் இளைஞரைக் குடியேற்ற அதிகாரி ஐயத்துடன் நோக்குதல் கூடும். திரும்பும் சீட்டு, தங்குமிடச் சான்று, போதிய பணம் ஆகியவற்றைக் காட்டுமாறு கேட்பர். அதனை அவமதிப்பாகக் கொண்டு சினம் காட்டுவதில் பயனில்லை. தாள்களை அச்சிட்டுக் கையில் வைத்திருந்து, கேட்டதற்குச் சுருக்கமாக விடை சொல்லுதல் நலம். பிறர் கொடுக்கும் பொட்டலத்தை, அவர் எவ்வளவு பழகியவராயினும், எல்லை கடத்திச் செல்லலாகாது. சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு.

இவையனைத்தினும் கொடியது வேறொன்று. தாய்லாந்தில் கணினி வேலை, உயர்ந்த சம்பளம், சீட்டும் இலவசம் என்று ஆசை காட்டிப் பயணியர் விசாவில் இளைஞரை அழைத்து, மியான்மார், கம்போடியா, லாவோஸ் எல்லைப்புறங்களில் அடைத்துவைத்து, இணைய மோசடி செய்யும்படி வருத்தும் கும்பல்கள் உள்ளன. 2022 முதல் இந்திய அரசு இதுபற்றி எச்சரித்து வருகிறது. 2025 மார்ச்சில் மட்டும் மியாவடிப் பகுதியிலிருந்து விடுபட்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியரை விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே ஸாட் வழியாக அழைத்து வந்தன. பயணம் வேறு, பிழைப்பு வேறு. ஊர் சுற்றப் போன இடத்தில் வந்து வாய்க்கும் வேலைக்கு உடன்படலாகாது. வேலைக்கென்றே போவோர் உரிய விசா இன்றிப் போகலாகாது.

தனிமை என்னும் உணர்ச்சியையும் சொல்லாமல் விடலாகாது. பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ, எதைப் பார்த்தாலும் மனம் எழாத ஒரு மாலை வரும். எங்கே உறங்குவது, எதில் செல்வது, எதை உண்பது என்று நாள்தோறும் தாமே முடிவு செய்து அலுத்த மனத்தின் களைப்பே அது. ஓரிடத்தில் மூன்று நாள் அசையாமல் தங்கி, துணி துவைத்து, வீட்டாருடன் தாய்மொழியில் பேசினால் பெரும்பாலும் நீங்கும். நீங்காவிடில் ஊர் திரும்புதலில் இழிவொன்றும் இல்லை.

வீட்டாரும் பெண்மக்களும்

தனியே செல்லும் பெண்மக்கள் இன்று மிகுந்து வருகின்றனர். மகளிர்க்கெனத் தனிக் கூடம் உள்ள விடுதிகள் பெரும்பாலான நகரங்களில் கிடைக்கின்றன. புதிய ஊரில் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருமாறு வண்டி பிடித்தலும், முதல் இரவுக்கான இடத்தை முன்னரே உறுதி செய்தலும், அதற்குச் சில நூறு ரூபாய் மிகுதியாகத் தருதலும் ஆண்களுக்கும் நன்று, பெண்களுக்கு இன்றியமையாதன. தாம் தனியே வந்ததையும் தங்கும் விடுதியையும் வழியில் கண்டவரிடம் சொல்லத் தேவையில்லை.

அகப்பொருள் இலக்கணத்தில் 'செலவழுங்குதல்' என்று ஒரு துறை உண்டு. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் துயர் கண்டு தன் பயணத்தை நிறுத்திவைப்பான். அது போகாமை அன்று; அவளைத் தேற்றியபின் போதற்காகச் சற்றே நிற்றல் என்று இலக்கணமுடையார் விளக்குவர். தனியே புறப்படும் இளைஞரும் இதனைக் கைக்கொள்ளலாம். செல்லும் வழி, தங்கும் இடம், நாள்தோறும் செய்தி அனுப்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்து, அவர் கேள்விகளுக்கு விடை கூறி, ஒரு வாரம் பொறுத்துப் புறப்படுவதால் குறைவொன்றும் இல்லை. பெற்றோரும் அச்சத்தால் தடுக்காமல், இத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு விடைகொடுத்தல் நன்று.

புறப்படுமுன்

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமேனும் காலம் எஞ்சியிருத்தல் வேண்டும். அதன் பிரதிகளைப் பையில் ஒன்றும், வீட்டில் ஒன்றும், மின்னஞ்சலில் ஒன்றுமாக வைக்க. வங்கி அட்டைகள் இரண்டு கொண்டு, இரண்டையும் வெவ்வேறிடத்தில் வைக்க. பாஸ்போர்ட் தொலைந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, இந்தியத் தூதரகத்தை அடைந்தால், தாயகம் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் பெறலாம். வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' என்னும் இணையத் தளத்திலும் முறையிடலாம். மருத்துவமனைச் செலவையும் உடன் கொண்ட பயணக் காப்பீட்டை ஒருபோதும் விடலாகாது. ஊர் திரும்பும் விமானச் சீட்டு வாங்கப் போதுமான தொகையைத் தனியே ஒதுக்கி, அதைத் தொடாதிருத்தல் வேண்டும்.

விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் விசா இன்றி நுழைய இடம் தந்தது. வியட்நாம் 2023 ஆகஸ்டு முதல் 90 நாள் வரையிலான மின்விசா வழங்கத் தொடங்கியது. இத்தகைய சலுகைகள் நீளவும் கூடும், நிற்கவும் கூடும். புறப்படுமுன் அந்தந்த அரசின் தளத்திலேயே பார்த்தல் வேண்டும். தாய்லாந்து 2025 மே முதல் கோரும் மின் வருகை அட்டைக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அன்று.

முதன்முதலாகப் புறப்படுவோர்க்கு நேபாளம் ஏற்றது. இந்தியருக்கு விசா வேண்டுவதில்லை. வாக்காளர் அடையாள அட்டை இருந்தாலும் போதும். தில்லியிலும் லக்னோவிலும் வாழ்வோர் கோரக்பூர் வரை ரயிலில் சென்று ஸுனௌலியில் எல்லை கடக்கலாம். கொல்கத்தாவாசிகள் ரக்ஸௌல் வழியே செல்லலாம். மலையேற விரும்புவோர் தனியே ஏறாமல் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்க. வெளிநாட்டு மலைநடையர்க்கு அதனை 2023 ஏப்ரல் முதல் நேபாளம் விதியாகவே ஆக்கியது. பத்து நாள் பயணத்தில் நமக்குத் தனிமை பொருந்துமா, நம் கணக்கு நிற்குமா, எவ்வளவு சுமை நம் முதுகு தாங்கும் என்பவை தெரிந்துவிடும். அதன்பின் கடல் கடப்பதா, வேண்டாவா என்பதை அவரவரே முடிவு செய்யலாம்.